பழைய ஓட்டல் வெள்ளிச் சாமான்: முத்திரையை வைத்து ஊரும் காலமும் கண்டுபிடிப்பது எப்படி?

தட்டுமுட்டு:

புதுச்சேரியில் பழைய வீட்டுச் சாமான் ஏலத்தில் ஒரே லாட்டாக எடுத்தவை இவை. எங்கே செய்தது, எப்போது செய்தது, எந்த ஓட்டலில் புழங்கியது என்று எப்படிப் பிரித்தறிவது? விற்றவர் எல்லாமே கெட்டி வெள்ளி என்று சாதிக்கிறார்.

முதலாவது, ஒரு சின்ன டீ பாட். அளவுக்கு மீறிய கனம். அடியில் "இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனி", அதன் கீழே "சில்வர் சோல்டர்டு", பிறகு ஐந்து இலக்க எண், "10 அவுன்ஸ்". பக்கவாட்டில் கிரீடச் சின்னம், அதற்குள் பின்னிக்கொண்ட இரண்டு எழுத்து.

இரண்டாவது, ஆறு ஃபோர்க். பின்னால் நான்கு குட்டிக் கேடயக் கட்டங்களில் இ, பி, என், எஸ் என்று கொம்பு வைத்த பழைய ஆங்கில எழுத்து. பக்கத்தில் "ஏ1". இன்னும் ஏதோ எண் இருக்கிறது, தேய்ந்துவிட்டது. முன்பக்கம் பிடியில் "எஸ்.ஐ.ஆர்." என்று மூன்றெழுத்து.

மூன்றாவது, ஒரு பெரிய ஸ்பூன். தராசு படம் போட்ட முத்திரை, அருகில் 84 என்ற எண். 84 சதவீதம் வெள்ளி என்று சொல்லித்தான் விலை போட்டார்கள்.

உரைகல்:

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டல் சாமானில் மூன்று பெயர் இருக்க வாய்ப்புண்டு: செய்தவர், வாங்கி விற்ற சப்ளையர், புழங்கிய ஓட்டல். அடியிலும் பின்பக்கமும் இருப்பது முதல் இரண்டு. முகத்தில் இருப்பது மூன்றாவது. விற்பவர்கள் மூன்றையும் ஒன்றாகக் குழைத்து ஒரு கதை செய்துவிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகக் காலம் போடுங்கள். எல்லாக் காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம்தான் உங்கள் சாமானின் காலம்.

டீ பாட்: "சில்வர் சோல்டர்டு" என்றால் வெள்ளியால் செய்தது என்று அர்த்தமில்லை. வெள்ளிப் பொடி, அதாவது வெள்ளி கலந்த பற்று, வைத்து ஊதிப் பற்றவைத்தது என்றுதான் அர்த்தம். அதை ஏன் அடியில் பெருமையாக அடித்தார்கள் என்றால், வீட்டுக்கான மலிவான டீ பாட்களில் மூக்கையும் பிடியையும் ஈயப் பற்றில் ஒட்டுவார்கள். ஈயமும் தகரமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். ஓட்டலில் பாட்டை அடுப்போரம் வைத்துவிட்டு மறந்தால் மூக்கு கையோடு வந்துவிடும். வெள்ளிப் பொடி உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக அது ஓட்டல்காரருக்குச் சொன்ன உத்தரவாதம், வெள்ளியின் மாற்றை (தூய்மையை) பற்றிய பேச்சே இல்லை. உடம்பு ஜெர்மன் சில்வர்: செம்பு சுமார் 60 பங்கு, மீதி நிக்கலும் துத்தநாகமும். பெயரில்தான் வெள்ளி. மேலே மின்முலாம், அதாவது மின்சாரத்தால் ஏற்றிய மெல்லிய வெள்ளிப் பூச்சு.

இன்டர்நேஷனல் சில்வர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெரிடன் என்ற ஊர்க் கம்பெனி. அங்கே தனித்தனியாக இருந்த பல வெள்ளிக் கம்பெனிகள் 1898-ல் ஒன்றாக இணைந்து உருவானது. எனவே அந்தப் பெயர் இருந்தால் 1898-க்கு முந்தையது ஆகாது. இதே கம்பெனி சாமான்களில் "1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்" என்ற அச்சும் வரும். அந்த 1847 பிராண்டின் பெயரில் ஒரு பகுதி. 20-ஆம் நூற்றாண்டு ஸ்பூனிலும் அது இருக்கும். அதைச் செய்த வருஷமென்று எண்ணிப் பணம் கொடுத்தவர்கள் கணக்கில்லை.

ஐந்து இலக்கம் மாடல் எண். 10 அவுன்ஸ் கொள்ளளவு, அதாவது ஒரு ஆளுக்கான பாட். கொள்ளளவை அடியில் அடிப்பது ஓட்டல் சாமானின் நல்ல அடையாளம், வீட்டுச் சாமானில் அது அபூர்வம். கனமான தகடு, தடித்த விளிம்பு, மூடிக்குப் பருத்த கீல், இவையும் அதே கட்சி. அடியில் இன்னொரு பெயர், உதாரணமாக சிகாகோவின் ஆல்பர்ட் பிக் போன்றது, இருந்தால் அது சப்ளையர். ஓட்டலுக்குத் தட்டிலிருந்து அடுப்பு வரை எல்லாம் விற்றவர்கள் அவர்கள். அந்தப் பெயரை ஓட்டலின் பெயராக நினைத்துத் தேடி அலையாதீர்கள்.

பாட்டின் உள்ளே டார்ச் அடித்து மூக்கு சேரும் இடத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கட்டியாக ஏதாவது வழிந்திருந்தால் பிற்காலத்தில் யாரோ ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். விலை பாதியாகும்.

கிரீடச் சின்னத்துக்கு எழுத்துகளை மட்டும் வைத்து இணையத்தில் தேடுவது வீண் வேலை. பழைய ஓட்டல்களின் பெட்டி ஒட்டுச்சீட்டு, லெட்டர்ஹெட், மெனு அட்டை ஆகியவற்றில் அதே பின்னல் எழுத்து இருக்கும். படத்தைப் படத்தோடு பொருத்துங்கள்.

மீட்டர்கேஜ்:

ஃபோர்க் பற்றி. கேடயக் கட்டங்களில் நான்கு எழுத்து இருப்பதே ஒரு சின்னத் தந்திரம். பிரிட்டனில் கெட்டி வெள்ளிக்கு அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைகள் வரிசையாக முத்திரை குத்தும். தூரத்திலிருந்து பார்க்க அது போலவே தெரியட்டும் என்று முலாம்காரர்களும் கட்டம் கட்டமாக அடித்தார்கள். இ.பி.என்.எஸ். என்றால் ஜெர்மன் சில்வர் மேல் மின்முலாம். இங்கிலாந்துக் கெட்டி வெள்ளிக்கு நடக்கும் சிங்கம் இருக்க வேண்டும். கிரீடத்தையும் நம்பாதீர்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு சோதனைச் சாலையின் சின்னம் அப்போது கிரீடம் என்பதால் முலாம்காரர்களும் அதை அடித்துக்கொண்டிருந்தார்கள். 1896 வாக்கில் அதைத் தடுத்துவிட்டார்கள். ஆகவே முலாம் சாமானில் கிரீடம் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

"ஏ1" முலாமின் தரம். கம்பெனிகள் தாமாகப் போட்டுக்கொண்ட தரம்தான்; ஒருவரின் ஏ1 இன்னொருவரின் ஏ1 ஆகாது.

செய்தவர் பெயர் நான்கு கட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும். பெயருக்குப் பதில் படம் மட்டும் இருக்கலாம். முக்கோணக் கொடி என்றால் வாக்கர் அண்ட் ஹால், எக்காளம் என்றால் ஜேம்ஸ் டிக்சன். இரண்டும் ஷெஃபீல்டு. "பிரின்சஸ் பிளேட்" என்று இருந்தால் மேப்பின் அண்ட் வெப். பர்மிங்ஹாம் எல்கிங்டன் தனி ஜாதி: 1840-ல் மின்முலாம் காப்புரிமை எடுத்தவர்களே அவர்கள்தான். அவர்கள் சாமானில் வருஷத்துக்கு ஓர் எழுத்து தனிக் கட்டத்தில் இருக்கும். எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வரும், எனவே எழுத்தை மட்டும் பார்க்காமல் கட்டத்தின் வடிவத்தையும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

தேய்ந்த எண்ணுக்கு முன்னால் "ஆர்.டி." என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவு எண். 1884-ல் 1-லிருந்து தொடங்கியது, 1900 தொடக்கத்தில் மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. அதற்கு முன் 1842 முதல் 1883 வரை எண் கிடையாது, சாய்சதுர முத்திரை. எண் காட்டுவது வடிவத்தைப் பதிந்த வருஷத்தை. சாமானை அதற்குப் பிறகு எந்த வருஷமும் அடித்திருக்கலாம்.

எஸ்.ஐ.ஆர். என்றதும் சவுத் இந்தியன் ரயில்வே என்று மனசு தாவும். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி, 1951 ஏப்ரல் 14-ல் தென்னக ரயில்வேயோடு கலந்தது. அப்படியானால் 1951-க்குப் பிறகு இந்த மூன்றெழுத்தைப் புதிதாக அடிக்கக் காரணமில்லை. ஆனால் சாமிநாதனும் ராமசாமியும் சேர்ந்து ஓட்டல் வைத்தாலும் எழுத்து கிட்டத்தட்ட அதேதான்! ஆறு ஃபோர்க்கையும் அருகருகே வைத்து எழுத்தின் உயரம், சாய்வு, புள்ளிக்கு இருக்கும் இடைவெளி மூன்றையும் ஒப்பிடுங்கள். ரயில்வே மாதிரி மொத்தமாக வாங்குகிறவர்கள் அச்சு செய்து ஒரே அடியாக அடிக்கச் சொல்வார்கள், ஆறும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொன்றிலும் எழுத்து கொஞ்சம் ஆடினால் உள்ளூரில் யாரோ உளியால் வெட்டியது.

ஊசிமுனை:

84: கிட்டத்தட்ட எல்லோரும் விழும் குழி.

தராசு, பாரிஸ் முலாம் கம்பெனியான கிறிஸ்டோஃபிளின் சின்னம். 1842-ல் எல்கிங்டன் காப்புரிமையைப் பிரான்சுக்கு வாங்கியவர்கள். புதுச்சேரியில் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. அந்த 84 சதவீதமல்ல, கிராம். ஒரு டஜன் பெரிய ஸ்பூன், ஒரு டஜன் ஃபோர்க், ஆக 24 உருப்படிக்கு மொத்தம் 84 கிராம் வெள்ளி முலாம். உங்கள் ஸ்பூனில் இருப்பது புதிதாக இருந்தபோதே மூன்றரை கிராம்தான், இப்போது அதிலும் குறைவு.

ஜெர்மன் கம்பெனியான டபிள்யூ.எம்.எஃப். சாமானில் 90 என்று வரும். அதுவும் இதே கணக்கு, 24 உருப்படிக்கு 90 கிராம். அதை 90 சதவீதம் என்று விற்பார்கள். ஆஸ்திரியாவின் பெர்ண்டார்ஃப் என்றால் கரடிப் படமும் "அல்பக்கா" என்ற சொல்லும் வரும். அல்பக்கா என்பதும் ஜெர்மன் சில்வர்தான்.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பழைய ரஷ்யாவில் 84 என்றால் உண்மையாகவே கெட்டி வெள்ளி: 96-க்கு 84 பங்கு, ஆயிரத்துக்கு 875. ஆனால் அங்கே சோதனை அதிகாரியின் முத்திரையும் கூடவே இருக்கும். பிரெஞ்சுக் கெட்டி வெள்ளி என்றால் 1838-க்குப் பிறகு மினர்வா தேவியின் தலை இருக்க வேண்டும், செய்தவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்கும். முலாம்காரர் முத்திரை சதுரம். கிறிஸ்டோஃபிளின் பழைய அச்சில் நீள்வட்டமும் உண்டு. தலையும் இல்லை, சாய்சதுரமும் இல்லை என்றால் பேச்சு முடிந்தது.

ஓட்டல் பெயர் முகத்தில் இல்லாவிட்டால் இந்த ஸ்பூன் ஓட்டலுடையதா வீட்டினுடையதா என்று முத்திரையை வைத்துச் சொல்ல முடியாது. இருவருக்கும் அவர்கள் விற்றார்கள்.

தட்டுமுட்டு:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். தேய்ந்த எண்ணைப் படிக்க வழி என்ன? மூன்றும் முலாம்தான் என்று கையோடு உறுதி செய்ய, ஆசிட் ஊற்றாமல் ஏதாவது சோதனை உண்டா? நகைக்கடைப் பத்தர் உரைத்துப் பார்க்கலாம் என்கிறார்.

உரைகல்:

உரைக்க விடாதீர்கள். லேசாக உரைத்தால் கல்லில் விழுவது மேல் முலாம், அது நல்ல வெள்ளி என்றே காட்டும். ஆழமாக உரைத்தால் சாமான் போச்சு. ஆசிட்டும் அப்படியே: கீறிவிட்டு ஊற்றினால்தான் அடி உலோகம் பச்சையாகப் பொங்கும், கீறல் நிரந்தரம்.

அடர்த்தி போதும். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். ஃபோர்க்கை உலர்ந்தபடி நிறுங்கள், 62 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். ஃபோர்க்கை நூலில் கட்டி, முழுதும் முங்கும்படி, ஆனால் டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் கையில் தொங்கவிடுங்கள். தராசு இப்போது 7.1 காட்டினால், 62-ஐ 7.1-ஆல் வகுக்க 8.7. அது ஜெர்மன் சில்வர். ஸ்டெர்லிங் வெள்ளியாக (ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி) இருந்தால் தராசு 6-தான் காட்டும், அடர்த்தி 10.3-ஐ ஒட்டி வரும். இரும்பு, எஃகு என்றால் 7.8. தகரம் கலந்த பிரிட்டானியா உலோகம் சுமார் 7.3. தப்பு வருவது இரண்டு இடத்தில்: ஃபோர்க்கின் பல்லிடுக்கில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும், தட்டி விடுங்கள், கத்தியின் பிடி உள்ளே கூடு, அதற்கு இந்தக் கணக்கே செல்லாது.

காந்தம் அரைச் சோதனைதான். ஒட்டினால் அடியில் எஃகு. ஒட்டாவிட்டால் எதுவாகவும் இருக்கலாம், ஜெர்மன் சில்வரும் காந்தத்தில் ஒட்டாது.

கண்ணுக்கும் வேலை உண்டு. மேஜையில் உரசும் இடங்களைப் பாருங்கள்: ஸ்பூன் குழியின் அடிமேடு, பிடியின் பின்நுனி. முலாம் முதலில் போவது அங்கேதான். உள்ளே மங்கிய மஞ்சள் சாயல் தெரிந்தால் ஜெர்மன் சில்வர், பளிச்சென்ற மஞ்சள் பித்தளை, சிவப்பு செம்பு, ஈயம்போல் சாம்பல் பிரிட்டானியா.

தேய்ந்த எண்ணுக்கு: அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில், மேற்பரப்பை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். சாமானை டார்ச்சுக்கு அடியில் மெல்லச் சுழற்றினால் ஒரு கோணத்தில் எழுத்து எழுந்து நிற்கும். வாயால் ஊதிப் பனி படிய விட்டால் இன்னும் துலங்கும். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்து மென்பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். ஓட்டல் சாமானைத் திரும்பத் திரும்ப முலாமுக்கு அனுப்புவார்கள், ஒவ்வொரு முறையும் பாலிஷ் சக்கரத்தில் எழுத்தின் விளிம்பு கரையும். எண் பாதி போயிருப்பது போலிக்கு அடையாளமில்லை, நிறைய உழைத்ததற்கு அடையாளம்.

குத்துவிளக்கு:

எழுத்துக் குழியில் விபூதியைத் தடவி மேலே துடைத்தாலும் வெள்ளையாகத் தெரியும். அப்படியே விபூதி போட்டு முழுவதும் தேய்த்துவிட்டால் சுத்தமும் ஆகும். வீட்டு வெள்ளிக்கு நாம் செய்வதுதானே.

ஊசிமுனை:

எழுத்தில் தடவுவது சரி. தேய்ப்பதுதான் வேண்டாம். கெட்டி வெள்ளிக் குத்துவிளக்கு எவ்வளவு தேய்த்தாலும் உள்ளேயும் வெள்ளி. இங்கே 90 கிராம் கணக்கில் போட்ட தடித்த முலாமே சுமார் 36 மைக்ரான், தலைமுடியின் பாதித் தடிமன். ஓட்டல்காரன் தேய்த்தது போக மிச்சம் என்ன இருக்கிறதோ.

சோடா உப்பும் அலுமினியத் தாளும் போட்ட வெந்நீரும் வேண்டாம். கறுப்பு முழுவதும் போய்விடும், சின்னத்தின் பள்ளத்தில் இருக்கும் கறுப்பும் சேர்ந்து போகும். அந்தக் கறுப்பு உங்களுக்குச் சாட்சி. கூடான பிடியுள்ள கத்தியை வெந்நீரில் போட்டால் உள்ளே நிரப்பிய அரக்கு இளகிப் பிடி கழன்றுகொள்ளும்.

இனி முக்கியமானது, டீ பாட்டின் கிரீடம். முகத்துச் சின்னம்தான் விலையை ஏற்றுவது, அதனால் போலி செய்வதும் அதைத்தான். அடி முத்திரை அசலாகவே இருக்கும். சாதாரணப் பழைய பாட்டை வாங்கி, பக்கத்தில் பேர்போன ஓட்டலின் அல்லது கப்பலின் சின்னத்தை வெட்டிவிடுவார்கள். பத்து மடங்கு லென்ஸில் பள்ளத்தின் அடியைப் பாருங்கள். ஆலையில் செய்யும்போது சின்னத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு முலாமில் முக்குவார்கள், பள்ளத்துக்குள்ளும் வெள்ளி இருக்கும். பள்ளத்தின் அடியில் மஞ்சள் சாயல் தெரிந்தால் முலாமுக்குப் பிறகு வெட்டியது. பிறகு வெட்டியதெல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது, ஓட்டலே உள்ளூரில் வெட்டச் சொல்லியிருக்கலாம். எனவே தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாட் முழுக்க நுண்கீறல்கள் ஓடும். அவை சின்னத்தின் கோடுகளைத் தாண்டிப் போனால் சின்னம் பழசு. கோட்டின் விளிம்பு கத்திபோல நின்று, பழைய கீறல்களை அது வெட்டிக்கொண்டு போனால் சின்னம் புதுசு. சம ஆழத்தில் மணல்போலப் பொரிந்த அடி இருந்தால் லேசர்.

கப்பல் சாமானில் இன்னொரு சோதனை. டைட்டானிக்கை ஓட்டிய ஒயிட் ஸ்டார் கம்பெனியின் கப்பல்களுக்கு எல்கிங்டன் மின்முலாம் சாமான் கொடுத்தது உண்மை. ஆனால் சாமான் கப்பலுக்குக் கப்பல் மாறும் என்பதால் கம்பெனிக் கொடியைத்தான் போட்டார்கள். ஸ்பூனில் "டைட்டானிக்" என்றே எழுதியிருந்தால் காயலான் கடை விலைக்குக்கூட யோசியுங்கள்.

தட்டுமுட்டு:

செய்து பார்த்தேன். ஃபோர்க் 8.7, ஸ்பூன் 8.6. பென்சில் தேய்ப்பில் "ஆர்.டி." தெரிகிறது, எண் 36-ல் தொடங்கும் ஆறு இலக்கம், மீதி படிக்கவில்லை. ஆறிலும் மூன்றெழுத்து ஒரே உயரம், ஒரே சாய்வு. "எஸ்" எழுத்தின் மேல் வளைவில் ஆறிலும் ஒரே இடத்தில் ஒரு சிறு உடைசல். பாட்டின் பள்ளத்தில் கறுப்புக்கு அடியில் வெள்ளி நிறம்.

மீட்டர்கேஜ்:

அந்த உடைசல் தங்கமான செய்தி. ஒரே அச்சின் நுனி உடைந்திருக்கிறது, ஆறும் ஒரே அச்சில் அடித்தவை. கையால் வெட்டியது என்ற பேச்சு போய்விட்டது. எண் 36-ல் தொடங்கினால் பெரும்பாலும் 1900-ல் பதிந்த வடிவம். ஆக 1900-க்கும் 1951-க்கும் நடுவில், ரயில்வே என்று வைத்துக்கொண்டால். "இங்கிலாந்து" என்று மட்டும் இருக்கிறதா, "மேட் இன் இங்கிலாந்து" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிச் சாமானில் நாட்டுப் பெயர் கேட்டதால் முதலாவது பரவியது. இரண்டாவது பெரும்பாலும் முதல் உலகப்போருக்குப் பிந்தையது. ரயில்வே என்பதற்கு இன்னும் ஒரு சாட்சி வேண்டும்: அதே எழுத்து வடிவம் கொண்ட பீங்கான் தட்டோ, விளக்கோ, டிக்கெட் தாளோ கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அதுவரை விற்பனைக் குறிப்பில் "எஸ்.ஐ.ஆர். அச்சுள்ள, இ.பி.என்.எஸ். ஃபோர்க்" என்று மட்டும் எழுதுங்கள். செய்தவர் பெயர் கிடைக்காமல் "ஷெஃபீல்டு" என்றும் அடித்துச் சொல்லாதீர்கள்.

வெளிநாட்டுக்கு விற்பதாக இருந்தால் 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் நூறு வருஷம் தாண்டிய பொருளைக் கவனிக்கும். தொல்பொருள் ஆய்வுத் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

உரைகல்:

பாட்டின் கீலைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தையும் படம் போடுங்கள். அங்கே பாட்டின் அடியில் இருக்கும் அதே எண்ணோ, அதன் ஒரு பகுதியோ இருந்தால் மூடி அசல். இல்லாவிட்டால் கீலின் ஆணியைப் பாருங்கள். மாற்றிய மூடி என்றால் ஆணியின் தலை பளபளவென்று புதிதாக இருக்கும்.